மச்சான் கன்னத்துக் கிராம்பு

பள்ளிக்கூடத் திருப்பத்தில் இருக்கிற கரண்ட் கம்பம் நடுவில் வளைந்துவிட்டது என்று மச்சான் வந்து சொன்னபோது நான் ஒரு ஸ்கூட்டர் சீட்டுக்கு ரெக்சின் இழுத்து ஸ்டேப்ளர் பின் அடித்துக்கொண்டிருந்தேன். அவர் டீயை ஊதிக்கொண்டே, எவனோ லாரிக்காரன் முட்டியிருப்பான், பாம்பு படமெடுத்த மாதிரி நிற்கிறது, பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது என்றார். என் மனைவியின் அண்ணன் அவர். எதையும் அப்படித்தான் சொல்வார். வீடு பற்றி எரிந்தாலும் குளிருக்கு நல்லது என்பார்.

எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கம்பம் வளைந்தால் விழும். விழுந்தால் கம்பி அறும். கம்பி அறுந்து விழுகிற இடத்தில்தான் மழைத்தண்ணீர் நிற்கும். மழைத்தண்ணீர் நிற்கிற இடத்தில்தான் பிள்ளைகள் குதிக்கும். கத்திரியை வைத்துவிட்டு, கடையை அவர் பொறுப்பில் விட்டுவிட்டு, நேரே போய்ப் பார்த்தேன். கம்பம் தூக்கு நூல் பிடித்த மாதிரி நின்றது. சுற்றி வந்தும் பார்த்தேன். அதன் அடியில் வாழைப்பழம் விற்கிற அம்மா, "எத்தனை?" என்று மட்டும் கேட்டாள். கம்பம் நேராக இருக்கிறதா என்று பார்க்க வந்தேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அரை டஜன் பழம் வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

"கம்பம் நேராத்தான் இருக்கு, மச்சான்."

"அதுக்குள்ள நிமித்திட்டானுங்களா? பரவால்லியே. இந்த ஊர்ல ஒரு வேலையாச்சும் சீக்கிரம் நடக்குது."

சிரித்துவிட்டு வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு அன்று முழுக்கத் தையல் நேராக ஓடவில்லை.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒன்பதாவது முழுப் பரீட்சைக்கு முதல் நாள் எனக்குக் காய்ச்சல் வந்தது. கணக்குப் பரீட்சைக்குப் பயந்து வந்த காய்ச்சல் என்று எங்கள் ரயில்வே காலனியில் எல்லாருக்கும் தெரியும். காய்ச்சல் போய்விட்டது, நான்தான் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பப் போகவில்லை. ரயில்வே ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்த அப்பா திட்டித் தீர்த்துவிட்டு, சீட் கவர் தைக்கிற கடையில் சேர்த்துவிட்டார். படிக்கிற பழக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டது. அப்பா வாங்கி வரும் தமிழ் வாரப் பத்திரிகையில் மருத்துவப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவேன். அதில் என்ன நோய் போட்டிருக்கிறதோ, அந்த வாரம் எனக்கு அது இருக்கும்.

மச்சான் எனக்கு நேர் எதிர். ஐதராபாத் மாரெட்பள்ளியில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். எங்கள் இரண்டு குடும்பமும் வேலூர்ப் பக்கம். ஊரை விட்டு வந்து இரண்டு தலைமுறை ஆகியும் 'இன்னா'வை விடாதவர்கள். அவருக்குப் பல வருஷமாகச் சர்க்கரை. அதைக்கூட, தான் இனிமையான ஆள் என்பதற்கு லேப்காரன் கொடுத்த சர்டிபிகேட் என்பார். வாயில் எந்நேரமும் ஒரு கிராம்பு. வலது கன்னத்தில் ஒதுக்கி வைத்திருப்பார். வேன் கதவைத் திறந்தால் கிராம்பு வாசனைதான் முதலில் இறங்கும். பிள்ளைகள் அவருக்கு லவங் அங்கிள் என்று பெயர் வைத்திருந்தார்கள். அவரும் அந்தப் பெயருக்குத்தான் திரும்பிப் பார்ப்பார்.

சாப்பிடும்போது இடது பக்கமாகவே மெல்வார். தாடை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். ஆடு அசை போடுகிற மாதிரி என்று என் மனைவிதான் முதலில் சொன்னாள். அப்புறம் அது வீட்டு விளையாட்டாகிவிட்டது. தீபாவளி, பொங்கல் என்று எல்லாரும் சேர்ந்தால், பிள்ளைகள் கேட்டுக்கொண்டதன் பேரில் மச்சான் முறுக்கை வைத்து அந்த ஆட்டை நடத்திக் காட்டுவார். நான்தான் அதிகம் சிரிப்பேன். அவர் ஒருத்தரைப் பார்த்துத்தான் எனக்குக் கவலைப்படாமல் சிரிக்க வரும்.

கம்பத்தின் கதைக்கு வருகிறேன். மறுநாள் அவர் கடைக்கு வந்ததும், மருத்துவப் பக்கத்தில் எப்போதோ படித்த நினைப்பில், ஒரு கண்ணைக் கையால் மூடிக்கொண்டு என் கடை ஜன்னல் கம்பியைப் பாருங்கள் என்றேன். வலது கண்ணை மூடினார். நேராக இருக்கிறது என்றார். இடது கண்ணை மூடினார்.

"இன்னா மாப்ளே, உன் கடைக் கம்பியும் வளைஞ்சிருக்கு. நல்ல கம்பெனியா பாத்து வாங்கியிருக்கக் கூடாதா?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு கையை எடுத்தார், மறுபடி மூடினார், மறுபடி எடுத்தார். மூன்றாம் தடவை சிரிப்பு வரக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

கண் ஆஸ்பத்திரிக்கு நான் துணைக்குப் போனேன். சொட்டு மருந்து விட்டால் பாவை விரிந்து ஒன்றும் சரியாகத் தெரியாது, கூட ஆள் வேண்டும் என்பது அங்கே சட்டம். இருக்கிற நோயாளிகளையெல்லாம் பார்த்துப் பார்த்து என் முகம் எப்படிப் போயிருந்ததோ, சொட்டு மருந்தோடு வந்த நர்ஸ் நேரே என்னிடம் வந்து, தலையை மேலே தூக்குங்க என்றாள். நானும் தூக்கினேன். மச்சான் தடுக்கவில்லை. கடைசி நொடியில்தான், அம்மா, அவன் நோயாளி இல்ல, பாக்கறதுக்குத்தான் அப்படி இருப்பான் என்றார்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். தெலுங்கில் வேகமாகவும் இந்தியில் நிதானமாகவும் பேசினார். நாங்கள் இரண்டையும் பிசைந்து பதில் சொன்னோம். கம்ப்யூட்டரில் ஒரு படம் காட்டினார். கண்ணுக்குப் பின்னால் இருக்கிற திரையைக் குறுக்கே வெட்டிப் பார்த்த மாதிரி, அடுக்கடுக்காகச் சாம்பல் கோடுகள். நல்ல கண்ணில் நடுவே ஒரு சின்னப் பள்ளம் இருக்க வேண்டும், அந்த இடத்தில்தான் கூர்மையான பார்வை. மச்சானின் வலது கண்ணில் பள்ளம் இல்லை. மேடு இருந்தது. சர்க்கரையால் மெல்லிய ரத்தக் குழாய்கள் தளர்ந்து, நீர் கசிந்து, அந்த இடம் வீங்கியிருக்கிறது, அதனால்தான் நேர்கோடு வளைந்து தெரிகிறது என்று சொன்னார். இடது கண்ணிலும் ஆரம்பம் இருக்கிறதாம்.

"டாக்டரம்மா, ஐதராபாத்ல பள்ளம் இல்லாத எடம் ஒண்ணு இருக்குதுன்னா அது என் கண்ணுதான்" என்றார் மச்சான்.

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, இந்த மேடு இறங்குகிற வரைக்கும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு வண்டி ஓட்டக் கூடாது என்றார்.

அந்த வேன் அவருக்கு எப்படி என்று எனக்குத்தான் தெரியும். எந்தப் பிள்ளை வளைவில் வாந்தி எடுக்கும், எந்த வீட்டுப் பாட்டி டிபன் டப்பாவோடு பின்னால் ஓடி வரும், யாருக்கு ஜன்னலோரம் கொடுக்காவிட்டால் அன்றைக்குப் பள்ளிக்கூடமே கிடையாது, எல்லாம் அவருக்குப் பாடம். ரிட்டையர் ஆன பஸ் டிரைவர் ஒருவரை வேலைக்கு வைத்தார். அவர் நல்ல மனிதர். வேனை பஸ் மாதிரியே ஓட்டினார், பின்னால் என்ன சத்தம் வந்தாலும் திரும்பமாட்டார். மச்சான் இடது பக்க சீட்டில் உட்கார்ந்து பிள்ளைகளை ஏற்றி இறக்கினார். ஒரு நாள் நானும் கூடப் போனேன். ஒவ்வொரு சிக்னலிலும் அவருடைய வலது கால், பிரேக் இல்லாத இடத்தில் அழுத்தியது. அதைப் பார்த்துக்கொண்டே போய்விட்டு வந்தேன். கேலி செய்ய வரவில்லை.

கண்ணில் ஊசி போட்டார்கள். கண்ணுக்குள்ளேயேதான். மாதா மாதம். அந்த அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தே எனக்கு வியர்த்துக் கொட்டியது. மச்சான் கண்ணில் கட்டோடு வெளியே வந்து, "கொசு கடிக்கிற மாதிரிதான், மாப்ளே. வந்ததுக்கு நீயும் ஒண்ணு போட்டுக்கோயேன்" என்றார்.

மேடு கொஞ்சம் இறங்கும், திரும்ப ஏறும். சர்க்கரையும் சொன்னபடி கேட்கவில்லை. மாத்திரையைக் கூட்டினார்கள், இன்சுலின் வைத்தார்கள், அது ஒரு படி இறங்கிவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டது. அவர் திருட்டுத்தனமாக எதையோ சாப்பிடுகிறார் என்று நான் முடிவு கட்டினேன். முதலில் மாம்பழத்தின் மேல் சந்தேகம். சீசன் முடிந்ததும் பக்கத்துக் கடை வெல்டிங் வெளிச்சத்தின் மேல். அப்புறம் போன். பிறகு ஒரு வீடியோவில் சொன்னார்கள் என்று தலையணை உயரத்தின் மேல். கடைசியில் அவர் பின்னாலேயே இரானி ஓட்டலுக்குப் போய், தூணுக்குப் பின்னால் நின்று, டீயில் சர்க்கரை உண்டா இல்லையா என்று பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காத மாதிரியே சர்வரைக் கூப்பிட்டு, தூணுக்குப் பின்னால் இருக்கிற சாருக்கு ஒரு டீ, இரண்டு உஸ்மானியா பிஸ்கட் என்றார். அவர் குடித்தது சர்க்கரை இல்லாத டீ. நிறையச் சர்க்கரையோடு குடித்தது நான்தான்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த நாள் வந்தது. தாடையை ஒரு தாங்கலில் வைத்து, நெற்றியைப் பட்டையில் முட்டுக் கொடுத்து உட்கார்கிற கருவி ஒன்று இருக்கிறது. எதிர்ப்பக்கம் டாக்டர். இரண்டு முகத்துக்கும் நடுவே ஒரு சாண் இருந்தால் அதிகம். அன்றைக்கு டாக்டர் மாஸ்க்கைச் சரி செய்துகொண்டு பார்க்க ஆரம்பித்தவர், பாதியில் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

கிராம்பு போட்டிருக்கிறீர்களா என்று கேட்டார். வாசனைக்கு என்றார் மச்சான். எத்தனை நாளாக என்று கேட்டார். அது ஆச்சு பல வருஷம் என்று மச்சான் லவங் அங்கிள் கதையை ஆரம்பித்தார்.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. மாதக்கணக்காக அந்த அறையில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவனுக்கு, தைரியமாகச் சொல்ல ஒரு விஷயம் கிடைத்தது. கிராம்பு மட்டுமில்லை மேடம், மெல்கிறதே ஒரு பக்கமாகத்தான், வீட்டில் நாங்கள் ஆடு என்போம் என்று சொல்லி, எழுந்து நின்று, தாடையை ஒரு பக்கமாக இழுத்து அந்த ஆட்டை நடித்தும் காட்டினேன். நன்றாகத்தான் செய்தேன் என்று நினைக்கிறேன். வாசலில் நின்ற நர்ஸ் சிரித்தாள்.

டாக்டர் சிரிக்கவில்லை.

"அந்தப் பக்கம் ஏன் மெல்லமாட்டார்?" என்று என்னைக் கேட்டார். இந்தியில்தான் கேட்டார். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் கேட்ட மாதிரி இருந்தது.

தாடையை ஒரு பக்கமாக இழுத்தபடியே நான் நின்றேன். எத்தனை தீபாவளி, எத்தனை முறுக்கு. எங்கள் வீட்டில் ஒருத்தருக்கும் அந்தக் கேள்வி தோன்றவில்லை. கம்பம் வளைந்திருக்கிறது என்றால் ஓடிப்போய்ப் பார்க்கிற எனக்கும் தோன்றவில்லை.

வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார். வலது பக்க ஈறு வீங்கி, தொட்டால் ரத்தமும் சீழுமாக இருந்தது. இரண்டு மூன்று பற்கள் ஆடின. இதை ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டதற்கு மச்சான், "இது கண்ணாஸ்பத்திரிதானேம்மா? பல்லைப் பத்தி இங்க பேசினா மரியாதையா இருக்காதுன்னு பாத்தேன்" என்றார்.

டாக்டர் அவரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பி விளக்கினார். இவரிடம் சொல்லிப் பயனில்லை என்று தெரிந்துகொண்டார் போலும். உடம்பில் ஓரிடத்தில் நாள்கணக்கில் புண் புழுங்கிக்கொண்டிருந்தால், அதோடு சண்டை போட ரத்தம் ஆட்களை அனுப்பிக்கொண்டே இருக்கும். சண்டை முடியாவிட்டால் அந்தக் கொதிப்பு அந்த இடத்தோடு நிற்காது, உடம்பு முழுக்கச் சுற்றும். ஏற்கெனவே சர்க்கரையால் நைந்துபோன கண் குழாய்களில் அந்தச் சண்டைக்காரர்கள் போய் ஒட்டிக்கொள்வார்கள். குழாய் இன்னும் தளரும், இன்னும் கசியும். ஈறு புழுங்கினால் சர்க்கரையும் சொன்ன பேச்சுக் கேட்காது. சர்க்கரை கேட்காவிட்டால் ஈறு ஆறாது. ஒன்றுக்கொன்று விசிறிக்கொண்டிருக்கும்.

பல்லைச் சரி செய்தால் கண் சரியாகிவிடுமா மேடம் என்று கேட்டேன்.

"அப்படி நான் சொல்லமாட்டேன். ஊசி ஊசிதான், சர்க்கரை சர்க்கரைதான். ஆனால் நான் இங்கே தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறேன், நீங்கள் அங்கே அடுப்பை எரியவிட்டிருக்கிறீர்கள்."

நாங்கள் வெளியே வந்தோம். கண்ணுக்குள் ஊசி போட்டதைக் கொசுக்கடி என்ற மனிதர், ஆட்டோ ஏறுவதற்கு முன் நின்று, "பல் டாக்டர் மட்டும் நக்கோ, மாப்ளே. வேணாம்" என்றார். விளையாட்டு என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தால் அது என் முகம். பரீட்சைக்கு முதல் நாள் முகம். சின்ன வயதில் அவரை ஒர்க்ஷாப் பக்கம் எவனோ மரத்தடியில் பல் பிடுங்குகிறவனிடம் கூட்டிப்போனார்களாம். அன்றைக்கு ஓடியவர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறார், கன்னத்தில் கிராம்போடு.

வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் சொன்னேன். ஆடு என்று பெயர் வைத்தவள் அவள்தான். எழுந்து போய், கூடவே வந்திருந்த அண்ணனுக்குச் சோற்றைக் குழையப் பிசைந்து கொண்டுவந்து வைத்தாள்.

"நாளைக்குப் பல் டாக்டர் கிட்ட போறீங்கண்ணா. இவரும் கூட வருவாரு. பயப்படற வேலையெல்லாம் இவரு பாத்துக்குவாரு, நீங்க வாயை மட்டும் தொறந்தாப் போதும்."

"அந்த வேலைக்கு இவன விட்டா ஆள் ஏது" என்றார் மச்சான். ஆனால் மறுநாள் கிளம்பினார்.

தார்நாகாவில் ஒரு பல் டாக்டர். ஒரே நாளில் முடிகிற வேலை இல்லை. சர்க்கரை டாக்டரிடம் கேட்டு, மருந்து கொடுத்து, ஈறுக்கு அடியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுத்தம் செய்து, ஆடிய பற்களைக் கடைசியில் எடுத்தார்கள். அந்த நாற்காலியில் மச்சான் என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் என் கடிகாரம் பதிந்துவிட்டது. நான் குனிந்து அவர் காதில், "கொசு கடிக்கிற மாதிரிதான், மச்சான்" என்றேன். வாய் நிறையப் பஞ்சு. பதில் சொல்ல முடியாமல் கண்ணை மட்டும் உருட்டினார். எங்கள் உறவில் முதல் தடவையாகக் கடைசி வார்த்தை என்னுடையது. அந்த நேரத்தில் சந்தோஷப்படக் கூடாது. பட்டேன்.

அதற்கப்புறம் சர்க்கரை மெல்ல மெல்லச் சொன்னபடி கேட்க ஆரம்பித்தது. ஊசியும் நிற்காமல் நடந்தது. மேடு இறங்கியது. இறங்கிய மேடு இந்தத் தடவை திரும்ப ஏறவில்லை. ஒரு நாள் டாக்டர் படத்தைத் திருப்பிக் காட்டினார். சாம்பல் கோடுகளுக்கு நடுவே, கட்டைவிரலால் அழுத்தியது போல ஒரு பள்ளம். "வந்துடுச்சா நம்ம ரோடு" என்றார் மச்சான். எல்லாம் பல்லால்தானே மேடம் என்று நான் ஆவலோடு கேட்டேன். எது எவ்வளவு செய்தது என்று தன்னால் பிரித்துச் சொல்ல முடியாது, எல்லாவற்றையும் விடாமல் செய்யுங்கள் என்றார். எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. ஒரே ஒரு காரணம் இருந்தால் கவலைப்படச் சௌகரியம். பிற்பாடு ஒரு பத்திரிகையில் இதற்கு அழற்சி என்று போட்டிருந்தார்கள். மருத்துவப் பக்கத்தில் படித்து, அந்த வாரம் எனக்கு வராத ஒரே நோய் அதுதான். பயத்தில், காலையும் ராத்திரியும் பல் தேய்க்க ஆரம்பித்திருந்தேன்.

பள்ளிக்கூடம் திறப்பதற்குக் கொஞ்சம் முன்னால், பகலில் வண்டி ஓட்டலாம், பரிசோதனைக்கு வருவதை மட்டும் விடக் கூடாது என்று டாக்டர் சொன்னார். சுவரில் இருந்த எழுத்துகளை மச்சான் கடகடவென்று கீழ் வரி வரைக்கும் படித்தார். அங்கேதான் எனக்குப் புதுக் கவலை பிடித்தது. மாதா மாதம் அதே அறை, அதே சுவர். பக்கத்தில் உட்கார்ந்தே எனக்கு அந்த எழுத்துகள் மனப்பாடம். அவருக்கு ஆகாமலா இருக்கும்?

அதனால் பிள்ளைகள் ஏறுவதற்கு முன் நான் ஏறினேன். காலி வேன். பஸ் டிரைவர் முந்தின நாளே சாவியைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். டிரைவர் சீட்டுக்கு நானே புதுக் கவர் தைத்துப் போட்டிருந்தேன். பள்ளிக்கூடத் திருப்பத்தில் வண்டியை ஓரங்கட்டச் சொன்னேன்.

எதற்கு என்று அவர் கேட்கவில்லை. தானாகவே இடது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார்.

"கம்பம் நேரா இருக்கு. அன்னிக்கி நீ நிமித்தி வச்சது இன்னும் அப்படியே நிக்குது."

அது போதாது என்று சாலைக்கு எதிர்ப்பக்கம் ஒரு கிளினிக் ஷட்டரைக் காட்டினேன். அதில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. கையால் எழுதியது. எனக்கு இங்கிருந்து அது வெறும் வெள்ளைக் காகிதம். கையை எடுக்காமல், கண்ணைச் சுருக்காமல், கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு வகுப்பில் பாடம் ஒப்பிக்கிற மாதிரி வாசித்தார்.

"டாக்டர் ஊரில் இல்லை. திங்கட்கிழமை வருவார். பயந்தவங்க மட்டும் அடுத்த தெரு கிளினிக்குக்குப் போகவும்."

கதவைத் திறந்துகொண்டு இறங்கினேன். ஆட்டோக்களுக்கு நடுவே புகுந்து சாலையைத் தாண்டினேன். வாழைப்பழ அம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டு கூடையை முன்னால் நகர்த்தினாள். காகிதத்துக்குக் கிட்டே போய் நின்று தெலுங்கு எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தேன். டாக்டர் ஊரில் இல்லை. திங்கட்கிழமை வருவார். அவசரமானால் அடுத்த தெரு கிளினிக்.

இன்னொரு தடவை படித்தேன். திரும்பிப் பார்த்தேன். அவர் உள்ளங்கையை இன்னும் எடுக்கவில்லை. அந்த வலது கண்ணாலேயே, நான் என்ன செய்கிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

வந்து ஏறிக் கதவைச் சாத்தினேன்.

"இன்னா?" என்றார்.

"ஒரு வார்த்தை மாறியிருக்கு, மச்சான்."

"அது அங்க எழுதல. பக்கத்துல ஒக்காந்திருக்கிறத பாத்துப் படிச்சேன்."

வண்டியை எடுங்கள் என்றேன். எடுத்தார். அந்தத் திருப்பத்திலிருந்து முதல் பிள்ளையின் வீடு வரைக்கும், பிரேக் இல்லாத இடத்தில் என் கால்தான் அழுத்திக்கொண்டே போனது.